மூதூர் சகோதரிக்கு: பத்து வீதம் கேட்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: திருகோணமலை மாவட்டம் மூதூர்ப் பக்கத்தில் தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்து நடத்தும் மாதர் சங்கம் எங்களுடையது. பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறோம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய், சம்பளம் இல்லாமல், அடிபட்டு, சிலர் பாஸ்போர்ட்கூட இல்லாமல் திரும்பி வந்த பெண்களுக்கு எங்களால் ஆனதைச் செய்கிறோம். மனிதக் கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகளுக்கு அமெரிக்க அரசு பெரிய மானியம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். கொழும்பில் ஒருவர் விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொல்கிறார். பதிவுக்கு மூன்று லட்சம் ரூபாய் முன்பணம், மானியம் கிடைத்தால் அதில் பத்து வீதம் கேட்கிறார். மானியம் வந்தால் ஒரு பாதுகாப்பு இல்லம் கட்ட ஆசை. அவருக்குப் பணம் கொடுக்கலாமா? சில பெண்களின் கதைகளையும் படங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.
சங்கச் செயலாளர், மூதூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களையும் பெயர்களையும் அழித்துவிட்டேன். என்மேல் உள்ள நம்பிக்கையில்தான் அனுப்பினீர்கள், அது புரிகிறது. ஆனால் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். கொழும்புக்காரரிடம் ஏற்கனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் எடுத்து அழிக்கச் சொல்லுங்கள். மூதூர் மாதிரி ஊரில் முகத்தை மறைத்தும் பயனில்லை. 'இரண்டு பிள்ளைகளின் தாய், கணவர் கடற்றொழில், 2022இல் ஓமானுக்குப் போனவர்' என்று எழுதினாலே போதும், யார் என்று ஊரே சொல்லிவிடும். வெளிநாட்டில் அவருக்கு என்ன நடந்தது என்பது மாமியார் வீட்டுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். அவரை அனுப்பிய சப் ஏஜென்ட் பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். நாளைக்கு வழக்கு என்று வந்தால், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கதைக்கும் பொலிஸில் அவர் சொன்னதற்கும் இருக்கும் சின்ன வித்தியாசத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொள்வார். நிதி கொடுப்பவர்கள் இந்தப் படங்களைக் கேட்பதும் இல்லை. படம் நிறைந்த விண்ணப்பத்தைப் பார்த்தால், இவர்களுக்கு இரகசியம் காக்கத் தெரியாது என்றுதான் நினைப்பார்கள்.

இனி உங்கள் கேள்வி. கொடுக்காதீர்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அமெரிக்க அரசிடம் மானியம் கேட்கும் அமைப்பு முதலில் சாம் டொட் கவ் என்ற அவர்களின் அரச இணையத்தளத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டு அமைப்பு என்றால் அதற்கு முன்பு என்கேஜ் என்ற குறியீடு ஒன்றையும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. முன்பு டன்ஸ் என்று ஒரு இலக்கம் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலோடு அது போய்விட்டது. இப்போது சாம் தளத்திலேயே யூஈஐ என்ற அடையாள இலக்கம் கிடைக்கும். பதிவை வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், அதுவும் இலவசம். இதற்கு மூன்று லட்சம் கேட்பவர் உங்களுக்குத் தெரியாததை வைத்து உழைக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பதிவில் நம் ஊர்ச் சங்கங்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். மூதூரை ஆங்கிலத்தில் எழுதும்போது பதிவுச் சான்றிதழில் இரண்டு 'டி', வங்கிப் புத்தகத்தில் ஒரு 'டி', கடிதத் தலைப்பில் 'டிஎச்' என்று இருக்கும். நமக்கு அது ஒரே ஊர். அந்தத் தளத்துக்கு மூன்று வேறு அமைப்புகள். திருப்பித் திருப்பி நிராகரிக்கும், வாரக்கணக்கில் இழுபடும். ஆகவே எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன்பு சான்றிதழ், வங்கிக் கணக்கு, யாப்பு, கடிதத் தலைப்பு நான்கிலும் சங்கத்தின் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் வேலை அதைத் திருத்துவது.

பத்து வீதம் இதைவிட ஆபத்து. நிதி திரட்டுவதற்காகும் செலவை மானியத்தில் எழுத அமெரிக்க விதிகள் இடம் தருவதில்லை. அப்படியென்றால் அந்தப் பத்து வீதத்தை எங்கிருந்து கொடுப்பீர்கள்? நடக்காத ஒரு பயிற்சிக்கு வவுச்சர் எழுதித்தான். கணக்காய்வில் அது வெளியே வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை. காசோலையில் கையெழுத்துப் போட்ட தலைவியும், நீங்களும், பொருளாளரும்தான். ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டும் என்றால், செய்கிற வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக் கொடுங்கள், அது நியாயமான செலவு. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, ஊரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உள்ளடக்கம் உங்களுடையதாக இருந்தால், மொழியைச் சரிபார்க்க ஆள் கிடைக்கும்.

சரி, அமெரிக்க மானியம் உங்களுக்குப் பொருத்தமா? இன்றைய நிலையில் நேரடியாகப் பொருந்தாது. அவர்களின் வெளியுறவு அமைச்சான இராஜாங்கத் திணைக்களத்தில் மனிதக் கடத்தலைத் தடுப்பதற்கென்று தனி அலுவலகம் உண்டு. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. வருடா வருடம் நாடுகளைத் தரம் பிரித்து அறிக்கை வெளியிடுவதும் அதுதான், இலங்கை 2022 அறிக்கையில் கண்காணிப்புப் பட்டியலில் இருந்து இரண்டாம் தரத்துக்கு ஏறியது. அந்த அலுவலகத்தின் மானியங்கள் பெரியவை, பல வருடத் திட்டங்கள். பெரும்பாலும் சர்வதேச அமைப்புகளும் பெரிய நிறுவனங்களும்தான் அவற்றைப் பெறுகின்றன. பணத்தோடு நிபந்தனைகளும் வரும். விபச்சாரத்தைச் சட்டபூர்வமாக்குவதை ஆதரிக்கும் வேலைக்கு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. உங்களிடம் வேலைக்குச் சேர்பவரிடம் சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது.

அதோடு 2025 ஜனவரி 20ஆம் திகதி நடந்ததையும் மறக்க வேண்டாம். அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தியது. அவர்களின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எயிட் அந்த வருடம் ஜூலை 1ஆம் திகதியோடு மூடப்பட்டது. உலகம் முழுவதும் திட்டங்கள் பாதியில் நின்றன. உளவள ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் 'அடுத்த வாரம் வர வேண்டாம்' என்று சொல்வது என்ன கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். ஒரே கொடையாளியை நம்பி ஒரு சேவையைத் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம். நீங்கள் செய்யும் வேலையில் எது மனிதக் கடத்தலுக்கு எதிரான வேலை என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. எந்த அரசிடம் கேட்டாலும், எந்த நிதியத்திடம் கேட்டாலும், விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் தேடுவது இதைத்தான்.

நம் தண்டனைச் சட்டக்கோவையில் 2006இல் சேர்த்த 360சி பிரிவு இந்தக் குற்றத்தைச் சொல்கிறது. மனிதக் கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த நெறிமுறையின்படி மூன்று விடயங்கள் சேர வேண்டும். ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, ஒப்படைப்பது போன்ற ஒரு செயல். அதை ஏமாற்றியோ மிரட்டியோ, ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ செய்திருப்பது. கடைசியாக, அவரைச் சுரண்டும் நோக்கம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஏமாற்றினார்களா மிரட்டினார்களா என்ற கேள்வியே இல்லை, செயலும் நோக்கமும் போதும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், யாருடைய கதையும் இல்லை. கிண்ணியாவில் ஒரு பெண்ணிடம் சப் ஏஜென்ட் வந்து, டுபாயில் கடை வேலை, மாதம் இவ்வளவு என்று சொல்லி விசிட் விசாவில் அனுப்புகிறார். அங்கே போனதும் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டு, தரைவழியாக ஓமானுக்குக் கொண்டுபோய் ஒரு வீட்டில் விடுகிறார்கள். 'உனக்குக் காசு கொடுத்துத்தான் எடுத்தோம், அந்தக் காசைத் தந்துவிட்டுப் போ' என்கிறார் வீட்டுக்காரர். சம்பளம் இல்லை, வெளியே போகவும் விடுவதில்லை. இதில் மூன்றும் இருக்கின்றன: அனுப்பியது, பொய் சொன்னது, வேலை சுரண்டியது. இலங்கைப் பெண்களை விசிட் விசாவில் கொண்டுபோய் விற்றதாக 2022 நவம்பரில் ஓமானில் வெளிவந்த விவகாரமும் இந்த வகைதான்.

இன்னொரு பெண் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தோடு போனார். கடைசி மூன்று மாதச் சம்பளம் கிடைக்கவில்லை, ஆனால் வீட்டுக்குப் போன் பேசினார், விடுமுறை கிடைத்தது. இது அநியாயம்தான். அந்தப் பணியகத்தில் முறைப்பாடு செய்து பணத்தை மீட்க வேண்டிய விடயம், அதற்கு 1989 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் இந்த அளவில் இது மனிதக் கடத்தல் ஆகாது. மூன்றாவது, நம் கடற்கரைக்கு நன்றாகத் தெரிந்தது: காசு கொடுத்து ஒஸ்திரேலியாவுக்குப் படகேறுவது. அது ஆட்களைச் சட்டவிரோதமாக எல்லை கடத்தும் குற்றம், வேறு சட்டம், வேறு விசாரணை. படகேறியவர் போகும் வழியில் அடைத்துவைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டால் மட்டும் அது மனிதக் கடத்தலாக மாறலாம். இந்த மூன்றையும் ஒன்றாகக் கொட்டி 'நூற்றுக்கணக்கான கடத்தல் பாதிப்பாளர்களுக்கு உதவினோம்' என்று எழுதினால், விடயம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார். 'வந்தவர்களில் இத்தனை பேரிடம் மூன்று அம்சங்களும் தெரிந்தன, இத்தனை பேருக்குச் சம்பளப் பிரச்சினை, இவர்களைப் பணியகத்துக்கு அனுப்பினோம்' என்று பிரித்து எழுதுங்கள். எண்ணிக்கை சின்னதாக இருக்கட்டும், பரவாயில்லை. அதைப் பிரிக்கத் தெரிந்த சங்கம் மாவட்டத்தில் கிடைப்பதுதான் அரிது.

இதற்கு ஒரு கொப்பி போதும். பெயருக்குப் பதிலாக ஒரு இலக்கம், எந்த விசாவில் போனார், யார் மூலம், சொன்ன வேலை என்ன, கிடைத்த வேலை என்ன, பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, வெளியே போக முடிந்ததா, வந்த பிறகு எங்கே அனுப்பினோம். இலக்கத்தையும் பெயரையும் இணைக்கும் தாள் வேறொரு இடத்தில் பூட்டி இருக்க வேண்டும். இளைஞர்களையும் விட்டுவிடாதீர்கள். கணினி வேலை என்று நம்பிப் போய், மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் மாட்டிக்கொண்டவர்களில் நம் நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். அவர்கள் மாதர் சங்கத்துக்கு வந்து சொல்லமாட்டார்கள், அவர்களின் தாய்மார் வருவார்கள்.

பாதுகாப்பு இல்லம் பற்றிச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அது எவ்வளவு நல்ல எண்ணத்தில் வந்த ஆசை என்று தெரிகிறது. ஆனாலும் வேண்டாம். அப்படியான இல்லம் எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது. மூதூரில் ஒரு வீட்டை அப்படி வைத்திருக்க முடியுமா? கூரை போடும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரவுக் காவல், தாதி, ஆலோசகர், அரச அனுமதி, சாப்பாடு எல்லாம் வேண்டும். மானியம் இரண்டு வருடத்தில் முடியும், கட்டடமும் மின்சாரக் கட்டணமும் நிற்கும். விமான நிலையத்தில் வந்து இறங்கும் பெண்களுக்குக் கட்டுநாயக்கவில் பணியகத்தின் தற்காலிகத் தங்குமிடமான சஹன பியச இருக்கிறது. கடத்தலுக்கு உள்ளான பெண்களுக்கென்று அரசின் பொறுப்பில் ஒரு இல்லமும் உண்டு.

அங்கிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பெண் தனியாகிறார். நீங்கள் இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவுக்குக் கூட்டிப்போவது, அரச மருத்துவமனையில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்று இருக்கும் நட்பு நிலையத்தில் யாரிடம் கதைக்கலாம் என்று காட்டுவது, சட்ட உதவி ஆணைக்குழுவில் அவரோடு காத்திருப்பது, பாதிக்கப்பட்டோருக்கான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நட்டஈட்டுக்கு மனு எழுதுவது, பிள்ளையை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. இதைக் கட்டடம் செய்யாது. இதற்கு நிதி கேளுங்கள்.

பாதீட்டிலும் அது தெரிய வேண்டும். 'போக்குவரத்து: 200,000 ரூபாய்' என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். ஒரு பெண் வாக்குமூலம் கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். மூதூரில் இருந்து பஸ், திருகோணமலையில் இருந்து இரவு பஸ், அங்கே ஓட்டோ, ஒரு நாள் தங்குமிடம், சாப்பாடு. எல்லாமே இரண்டு பேருக்கு, ஏனென்றால் அவரைத் தனியே அனுப்பமாட்டீர்கள். அவர் அன்று இழக்கும் கூலி, வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவருக்குக் கொடுப்பது. இப்படி ஒரு பயணத்துக்கு எவ்வளவு, வருடத்தில் எத்தனை பயணம் என்று போட்டால், இந்த ஆட்கள் உண்மையிலேயே கூடப் போயிருக்கிறார்கள் என்று படிப்பவருக்குப் புரியும். உங்கள் சங்கத்தின் வாடகை, தொலைபேசி, கணக்கு எழுதும் பிள்ளையின் சம்பளம் ஆகியவற்றையும் கேட்கத் தயங்காதீர்கள். அமெரிக்க விதிகளில் அப்படியான மறைமுகச் செலவுக்குத் தனிக் கணக்குக் காட்டாமலே 15 சதவீதம் வரை கேட்கலாம். 2024 ஒக்டோபருக்கு முன் அது 10. மற்றக் கொடையாளிகளின் விதி வேறு, ஆனால் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை. சும்மா உழைக்கும் பெண்களை வைத்து இந்த வேலையைக் கனகாலம் ஓட்ட முடியாது.

எங்கே கேட்பது? ஐ.நா.வில் இரண்டு நிதியங்கள் உங்களைப் போன்ற அமைப்புகளுக்காகவே இருக்கின்றன. இரண்டிலும் அரசுகள் போடும் பணம் சேருகிறது. ஒன்று 2010இல் உருவான, கடத்தலால் பாதிக்கப்பட்டோருக்கான தன்னார்வ நிதியம். வியன்னாவில் உள்ள போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் அதை நடத்துகிறது. மற்றது 1991இல் தொடங்கிய, சமகால அடிமைத்தன வடிவங்களுக்கு எதிரான நிதியம், ஜெனீவாவில் மனித உரிமை அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாகப் போய்ச் சேரும் மருத்துவம், சட்டம், உளவள உதவிக்குத்தான் அது பணம் கொடுக்கும். உங்கள் வேலைக்கு மிகவும் நெருக்கமானது அதுதான் என்று நினைக்கிறேன். கொழும்பில் கனடாவின் உள்ளூர் முன்னெடுப்புகளுக்கான நிதியும் ஒஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் சிறிய அமைப்புகளுக்குச் சிறிய தொகை கொடுக்கின்றன. ஜப்பானின் அடிமட்ட மானியம் கட்டடம், உபகரணங்களுக்கு, சம்பளத்துக்கு இல்லை, ஆகவே இப்போதைக்கு விடுங்கள். இன்னொரு நல்ல வழி, துணை மானியம். ஐஓஎம் எனப்படும் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு போன்ற பெரிய அமைப்பு மானியம் பெறும்போது, மாவட்டத்தில் வேலை செய்ய உள்ளூர்ப் பங்காளி தேவைப்படும். தணிக்கை, அறிக்கை எல்லாம் எப்படி என்று அவர்களோடு வேலை செய்தே கற்றுக்கொள்ளலாம்.

உள்ளூரில் ஒரு வேலை பாக்கி. பிரதேச செயலகப் பதிவு உங்கள் பிரிவுக்குள் சரி. திருகோணமலை மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன, கிண்ணியாவுக்கும் வெருகலுக்கும் வேலையை விரிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பதிவு போதுமா என்று முதலில் விசாரியுங்கள். வெளிநாட்டுப் பணம் வருமுன் மாவட்டச் செயலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் மூன்று பேர் கையெழுத்து, அவர்களில் இரண்டு பேர் ஒரே குடும்பம் இல்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள். கடந்த இரண்டு வருடக் கணக்கைத் தகுதியான கணக்காய்வாளர் ஒருவரிடம் கொடுங்கள். கொழும்புக்காரருக்குக் கொடுக்க நினைத்த முன்பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். இருவரிடமும் நீங்கள் ஏற்கனவே ஆட்களைக் கூட்டிப்போயிருப்பீர்கள். சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்வதாக ஆளுக்கொரு கடிதம் கேட்டு வாங்குங்கள். பிறகு, சங்கம் என்ன செய்கிறது, யாருக்கு, எப்படி என்று தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள், பெயர்களும் படங்களும் இல்லாமல். ஜெனீவா நிதியத்தின் அடுத்த அழைப்புக்கு அதை எப்படி மாற்றுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.